அழற்சிக் குடல் நோயில் மருத்துவர்கள் என்ன ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ இருப்பது உறுதியான பிறகு, மருத்துவர் ஒருநாள் "ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்கலாம். அல்லது "குடல் நோய்க்குப் புதிய தீர்வு" என்ற செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பி வைக்கலாம். இப்படிப்பட்ட நேரங்களில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. இதை வைத்து மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். அது உங்களைப் பார்க்கும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

ஐபிடி, ஐபிஎஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஐபிடி என்கிற அழற்சிக் குடல் நோயில் குடலின் சுவர் உண்மையிலேயே வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசியும். கொலோனோஸ்கோபியில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் நோயில் வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் உண்டு; குடலில் புண் இருக்காது.

ஐபிடியில் இரண்டு முக்கிய வகைகள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்படலத்தோடு நின்றுவிடும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். அது குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்குவதால் அடைப்பு, சீழ்க்கட்டி, பௌத்திரம் போன்றவை உண்டாகின்றன. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோயும் ஸ்கோப்பிலும் பயாப்ஸியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியலாம். காசநோய்க்காரருக்குக் கிரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவிவிடும். அதனால் இரண்டையும் பிரித்தறியும் வழியைத் தேடுவதே தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது.

நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்கிற மருத்துவர் என்றால் யார்?

மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் வேலை செய்பவர். வாரத்தில் சில நாள் வெளிநோயாளிகளையும் ஸ்கோப்பிகளையும் பார்ப்பார், மாணவர்களுக்குப் பாடம் எடுப்பார், மீதி நேரம் ஆய்வகத்திலோ மருந்துச் சோதனைகளிலோ போகும். நேரம் எப்போதும் போதாது. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: கேள்வி நோயாளியிடமிருந்து நேராக வருகிறது. "இந்த மருந்து பாதிப் பேருக்கு ஏன் வேலை செய்வதில்லை?", "இவருக்கு மட்டும் ஏன் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை?" என்பதெல்லாம் வெளிநோயாளி அறையில் பிறக்கும் கேள்விகள்.

நல்ல உதாரணம் சல்ஃபாசலாசின். சுவீடன் மருத்துவர் நான்னா ஸ்வார்ட்ஸ் அதை மூட்டுவாதத்துக்காக உருவாக்கினார். குடல் அழற்சிக்கும் பலன் தெரிந்தது. ஆனால் தலைவலி, குமட்டல், ஒவ்வாமை என்று பலர் அவதிப்பட்டார்கள். அந்த மருந்து குடலுக்குள் போனதும் இரண்டு துண்டாக உடையும். வேலை செய்வது எந்தத் துண்டு, தொல்லை கொடுப்பது எந்தத் துண்டு? வங்கதேச மருத்துவர் ஆசாத் கான் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து இதற்கு எளிமையான வழி கண்டார். முழு மருந்தையும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக எனிமாவாக வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுத்து, குடலைப் பார்த்து ஒப்பிட்டார். 1977இல் விடை வந்தது. பலன் தருவது 5-ஏஎஸ்ஏ என்ற துண்டு. பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை சல்ஃபா துண்டால் வருபவை. இன்று லேசான கொலைட்டிஸுக்கு முதலில் எழுதிக்கொடுக்கும் மெசலமைன் அந்த நல்ல துண்டுதான். என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் செலவழித்த பல ஆய்வுகளைவிட அந்த எனிமா ஆய்வு அழகானது.

கிரோன் என்பவர்தான் அந்த நோயைக் கண்டுபிடித்தாரா?

1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். பெயர்கள் அகரவரிசையில் இருந்ததால் கிரோன் முதலில் வந்தார், அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி 1913இலேயே எழுதியிருந்தார்.

நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டதா?

முழுதாக இல்லை. தெரிந்த துண்டுகள் நிறைய.

மரபணுவிலிருந்து தொடங்கலாம். 2001இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக நாட்2 என்ற மரபணுவைக் கிரோன் நோயோடு தொடர்புபடுத்தின. குடலில் உள்ள பாக்டீரியாக்களின் துணுக்குகளை உடல் அடையாளம் காண உதவும் மரபணு அது. அதன்பின் இதுவரை இருநூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் பட்டியலில் சேர்ந்துள்ளன. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் வந்தால், மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். கொலைட்டிஸில் அது இன்னும் குறைவு. மரபணுவே எல்லாம் என்றால் இப்படி இருக்காது.

சரி, அப்படியானால் சூழலா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு இந்த நோய் அங்குள்ள மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் கனடாவிலேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு பெருமளவு மறைந்துபோயிருந்தது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறாது. உணவு, ஆன்டிபயாட்டிக், சுகாதாரம், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. இதுதான் என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. புகைபிடித்தல் இதில் விசித்திரமானது. கிரோன் நோயை அது மோசமாக்கும். கொலைட்டிஸோ புகைப்பதை நிறுத்தியவர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. இதைக் கேட்டு யாரும் சிகரெட் பற்ற வைக்க வேண்டாம். எந்த மருத்துவரும் அதைச் சிகிச்சையாகச் சொல்வதில்லை.

அண்மையில் வந்த முக்கியமான கண்டுபிடிப்பு 2024ஆம் ஆண்டினுடையது. ஐபிடியோடு தொடர்புடைய ஒரு இடம் 21ஆவது குரோமோசோமில் மரபணுவே இல்லாத வெற்றுப் பகுதியில் இருந்தது. அது என்ன செய்கிறது என்று பல ஆண்டுகளாகப் புரியவில்லை. லண்டனில் ஐபிடி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வகமும் நடத்தும் ஜேம்ஸ் லீ என்ற மருத்துவரின் குழு, அந்தப் பகுதி தொலைவில் உள்ள இடிஎஸ்2 என்ற மரபணுவைத் தூண்டுகிறது என்று காட்டியது. மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சியை முடுக்கிவிடும் மரபணு அது. அதை அடக்க வேறு நோய்களுக்கு ஏற்கெனவே உள்ள ஒருவகை மருந்துகள் உதவலாம் என்பதும் நோயாளிகளின் குடல் மாதிரிகளில் தெரிந்தது. கவனியுங்கள்: மாதிரிகளில்தான். நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது வேறு கட்டம். அந்த மருந்துகளுக்கு மற்ற உறுப்புகளில் பக்கவிளைவுகளும் உண்டு.

நோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

டென்மார்க்கில் பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். கிரோன் நோய் உறுதியாவதற்கு 8 ஆண்டுகள் முன்பும், கொலைட்டிஸுக்கு 3 ஆண்டுகள் முன்பும் சாதாரண ரத்தப் பரிசோதனைகளிலேயே சிறு மாற்றங்கள் தெரிந்தன. கனடாவை மையமாகக் கொண்ட 'ஜெம்' திட்டம் 2008 முதல் கிரோன் நோயாளிகளின் ஆரோக்கியமான உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறது; 5000 பேருக்கு மேல். பிற்காலத்தில் நோய் வந்தவர்களுக்குக் குடல் சுவரின் கசிவு முன்கூட்டியே அதிகமாக இருந்தது என்பது அதில் தெரிந்தவற்றுள் ஒன்று. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்கள் செய்துகொள்ள வேண்டிய நம்பகமான முன்னறிவிப்புப் பரிசோதனை இன்னும் வரவில்லை. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள்.

பிளாசிபோ கொடுப்பது நோயாளியை ஏமாற்றுவது ஆகாதா?

இந்தக் கோபம் நியாயமானது. வலியோடு வந்தவருக்கு வெறும் மாவு மாத்திரையா என்று யாருக்கும் தோன்றும்.

1955இல் ட்ரூலவும் லெஸ்லி விட்ஸும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கொலைட்டிஸ் கிளர்ந்த நிலையில் இருந்த 210 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்போது புதிதாக வந்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு அதே போன்ற போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் கார்ட்டிசோன் பெற்றவர்களில் 41.3 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பிளாசிபோ குழுவில் 15.8 சதவீதம்.

அந்த இரண்டாவது எண்தான் இங்கே முக்கியம். மருந்தே இல்லாமல் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சரியாகியிருக்கிறது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். மோசமான கட்டத்தில்தான் ஆட்கள் மருத்துவரிடம் வருவார்கள். அப்புறம் எதைக் கொடுத்தாலும் சிலருக்குக் குறையத்தான் செய்யும். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் வேப்பிலைச் சாறும் கார்ட்டிசோனும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே பொடியில் கொலைட்டிஸைக் குணமாக்கியதாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்தது அந்த 15.8 சதவீதம் பேராக இருக்கலாம்.

இப்போதைய ஆய்வுகளில் பிளாசிபோ குழுவில் இருப்பவரைச் சும்மா விட்டுவிடுவதில்லை. பலர் ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தைத் தொடர்வார்கள். நோய் மோசமானால் வேறு சிகிச்சை தருவார்கள். பல ஆய்வுகளில் குறிப்பிட்ட வாரங்களுக்குப் பிறகு எல்லோருக்கும் உண்மையான மருந்து கிடைக்கும்.

பயாலஜிக் ஊசிகள் எப்படி வந்தன?

டிஎன்எஃப் என்பது அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம். அதைப் பிடித்துக் கட்டிப்போடும் பயாலஜிக் மருந்து (உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் புரத மருந்து) ஒன்று முதலில் வேறு நோய்க்காக உருவாக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் எதற்கும் அடங்காத கிரோன் நோய் இருந்த ஒரு சிறுமிக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, அவள் தேறியதை 1993இல் எழுதினார்கள். 1997இல் 108 பேரை வைத்து நடந்த ஆய்வு வந்தது. ஒரே ஒருமுறை ஏற்றிய பிறகு நான்காம் வாரத்தில், இப்போது வழக்கமாகத் தரும் அளவைப் பெற்றவர்களில் 81 சதவீதம் பேருக்குப் பலன். பிளாசிபோவில் 17 சதவீதம். மறுஆண்டே இன்ஃப்லிக்ஸிமாப் என்ற அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பல்லாயிரம் பேர் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் மற்றொன்று தெரிந்தது. உடலில் உறங்கிக்கொண்டிருந்த காசநோயை இது எழுப்பிவிடலாம். இந்த ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது அதனால்தான். வீண் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

'பலன்' என்று எதை அளக்கிறார்கள்?

முன்பெல்லாம் நோயாளி சொல்வதை வைத்து. 1976இல் வந்த கிரோன் நோய் மதிப்பெண் முறையில் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை முறை இளக்கமாகப் போனது, வலி எப்படி, பொதுவாக உடம்பு எப்படி. மொத்தம் 150க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியதாகக் கணக்கு. சிக்கல் என்னவென்றால், குடலில் புண்ணே இல்லாத ஐபிஎஸ்காரரும் அதில் அதிக மதிப்பெண் எடுத்துவிடுவார். மறுபக்கம், வலியே இல்லாத கிரோன் நோயாளியின் குடல் உள்ளே சுருங்கிக்கொண்டே போகலாம்.

அதனால் இப்போது குடலின் உள்படலம் ஆறியிருக்கிறதா என்று ஸ்கோப்பியில் பார்க்கிறார்கள். அடிக்கடி ஸ்கோப்பி செய்ய முடியாததால் மலத்தில் கால்புரோடெக்டின் அளவை இடையிடையே பார்ப்பார்கள். வெள்ளை அணுக்களிலிருந்து வரும் புரதம் அது, குடலில் அழற்சி இருந்தால் ஏறும். 2017இல் வெளியான 'காம்' ஆய்வு இதன் பயனைக் காட்டியது. அறிகுறியை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டிய குழுவில் 30 சதவீதம் பேருக்குக் குடல் ஆறியது. கால்புரோடெக்டினையும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையையும் பார்த்துக் கூட்டிய குழுவில் 46 சதவீதம். உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவர் மலப் பரிசோதனை எழுதித் தந்தால், காரணம் இதுதான்.

எதிர்பார்த்ததற்கு மாறாக முடிந்த ஆய்வுகள் உண்டா?

நிறைய. செய்தியில் அவை வருவதில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

இன்டர்லூக்கின்-17 என்ற புரதம் கிரோன் நோயாளிகளின் குடலில் அதிகமாக இருக்கும். அதைத் தடுத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? செக்குகினுமாப் என்ற மருந்தை 59 பேருக்குச் சோதித்தார்கள்; முடிவு 2012இல் வந்தது. பலன் இல்லை, பிளாசிபோவைவிடத் தொல்லைகளும் அதிகம். இதே மருந்து சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு அருமையாக வேலை செய்கிறது! அந்தப் புரதம் குடலின் தடுப்புச் சுவரைக் காப்பாற்றவும் உதவுகிறது என்பதே பிறகு கிடைத்த விளக்கம். இப்போது சோரியாசிஸுக்கு இந்த வகை ஊசி போடுமுன் "குடல் நோய் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

பௌத்திரத்துக்குள் ஸ்டெம் செல் செலுத்தும் சிகிச்சைக்கு 2016இல் நல்ல முடிவு வந்தது. 2018இல் ஐரோப்பா அனுமதியும் தந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை.

பிரிட்டனில் நடந்த 'ப்ரொஃபைல்' ஆய்வு இன்னும் சுவையானது. புதிதாகக் கிரோன் கண்டறியப்பட்ட 386 பேர். யாருக்கு நோய் கடுமையாகும் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே வலுவான மருந்து கொடுக்கலாம் என்பது திட்டம். 2024இல் வந்த முடிவில் அந்த ரத்தப் பரிசோதனை எதற்கும் உதவவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே இன்ஃப்லிக்ஸிமாபும் ஒரு மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் ஒரு வருடம் ஸ்டீராய்டோ அறுவையோ இல்லாமல் நோய் அடங்கி இருந்தார்கள். படிப்படியாக மருந்தை ஏற்றிய குழுவில் 15 சதவீதம்தான். தேடிப் போனது கிடைக்கவில்லை. கூடவே கிடைத்ததோ உலகெங்கும் மருத்துவர்கள் யோசிக்கும் முறையையே அசைத்துவிட்டது. 'முதலில் லேசான மருந்து, சரியாகாவிட்டால் அடுத்தது' என்ற பழைய வழக்கம் கிரோன் நோயில் விலை உயர்ந்த பொறுமையாக இருக்கலாம்.

இவ்வளவு மருந்துகளில் எது சிறந்தது?

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. 2019இல் கொலைட்டிஸில் வெடோலிசுமாப், அடாலிமுமாப் என்ற இரண்டு பயாலஜிக் மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் முறையே 31.3 சதவீதம், 22.5 சதவீதம்; வெடோலிசுமாப் முந்தியது. அதே ஆய்வில் ஸ்டீராய்டை முற்றிலும் நிறுத்த முடிந்தவர்களை மட்டும் பார்த்தால் அடாலிமுமாப் முன்னால் இருந்தது! 2022இல் கிரோன் நோயில் உஸ்டெகினுமாப் என்ற இன்னொரு பயாலஜிக்கும் அடாலிமுமாபும் ஏறக்குறைய சமம் என்று வந்தது. 2024இல், டிஎன்எஃப் மருந்து பலிக்காத கிரோன் நோயாளிகளிடம் ரிசாங்கிசுமாப் என்ற பயாலஜிக் உஸ்டெகினுமாபைவிட நன்றாக வேலை செய்தது.

முதல் மருந்து தோற்றால் இரண்டாவதன் வெற்றி வாய்ப்பு பொதுவாகக் குறைகிறது. ஆகவே முதல் தேர்வு முக்கியம். அதை இன்னும் வயது, நோயின் இடம், பௌத்திரம் உண்டா, வேறு நோய்கள் உண்டா என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பணம் தருவது மருந்து நிறுவனங்கள்தானே? நம்பலாமா?

மேலே சொன்ன மூன்று ஒப்பீடுகளுக்கும் செலவு செய்தது மருந்து நிறுவனங்கள்தான்: முறையே வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப், ரிசாங்கிசுமாப் ஆகியவற்றைத் தயாரிப்பவை. முடிவு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்தை எப்போது நிறுத்தலாம், பழைய மலிவான மருந்து போதுமா என்ற கேள்விகளில் அவர்களுக்கு ஆர்வம் இருக்காது. அவற்றைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பொதுப்பணத்திலோ அறக்கட்டளைப் பணத்திலோதான் கேட்க வேண்டும்.

உணவை மாற்றினால் குணமாகுமா?

குழந்தைகளின் கிரோன் நோயில் ஆறு முதல் எட்டு வாரம் சத்துத் திரவம் மட்டும் கொடுத்தால் ஸ்டீராய்டுக்கு நிகராக நோய் அடங்குகிறது. குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கப்படுவதில்லை. பெரியவர்களுக்கு அதையே விடாமல் குடிப்பது கடினம். கொலைட்டிஸில் இது பலிப்பதாகத் தெரியவில்லை. மற்றபடி "இதைச் சாப்பிடு, அதை விடு" என்ற பட்டியல்கள் பலவற்றுக்குப் பின்னால் உறுதியான ஆதாரம் இல்லை.

மல நுண்ணுயிர் மாற்று சிகிச்சை?

2015இல் ஒரே இதழில் இரண்டு கொலைட்டிஸ் ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 24 சதவீதம் பேருக்குப் பலன், பிளாசிபோவில் 5 சதவீதம். மற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் ஆய்வில் தேறிய ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்றவர்கள்! அவரிடம் அப்படி என்ன இருந்தது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி. வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். கொடையாளியிடமிருந்து ஆபத்தான கிருமிகளும் வரலாம்.

கர்ப்பமானால் மருந்தை நிறுத்த வேண்டுமா?

பெண்கள் அதிகம் பயப்படும் கேள்வி. கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறை ஆய்வில் சேர்ப்பதில்லை என்பதால் நெடுங்காலம் இதற்கு விடை இல்லாமல் இருந்தது. கலிஃபோர்னியாவின் உமா மகாதேவன் 2007 முதல் பல மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்தார். 1490 கர்ப்பங்களின் முடிவு 2021இல் வந்தது. பயாலஜிக் மருந்துகளாலும், நோய் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் வகை மாத்திரைகளாலும் குழந்தைக்குக் குறைபாடோ கருச்சிதைவோ அதிகரிக்கவில்லை. கிளர்ந்த நோய்தான் ஆபத்து. எல்லா மருந்துகளும் இப்படி அல்ல; உதாரணமாக, மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து கர்ப்பத்தில் கூடாது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆய்வில் சேரச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். இது எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டம் பாதுகாப்பைப் பார்ப்பது. மூன்றாம் கட்டத்துக்குள் மருந்தைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். பிளாசிபோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, நோய் கிளர்ந்தால் என்ன செய்வார்கள், எத்தனை ஸ்கோப்பி, பயணச் செலவு யாருடையது, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள்? எல்லாவற்றையும்விட முக்கியமானது, மருந்து ஒத்துக்கொண்டால் ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா என்பது. இதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவானதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்டு நடுவில் விலகலாமா?

விலகலாம், காரணம் சொல்லவும் தேவையில்லை. வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் மருந்தைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கடைசியாக ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொன்னால் போய்விட்டு வாருங்கள்.